கோடியக்கரைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: மாதம், அனுமதி, தங்குமிடம், செலவு

வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்றுதான் எல்லோரும் கிளம்புகிறார்கள். பார்க்கலாம்தான். ஆனால் அதற்கான விவரம் ஓரிடத்தில் கிடைப்பதில்லை. கோடியக்கரை சரணாலயம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் அலுவலகம் வேறு, விதிமுறை வேறு. வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துப் போவதற்காக நான் பல இடங்களில் கேட்டு, அலைந்து சேர்த்த விவரங்களை வரிசையாக எழுதியிருக்கிறேன். நீங்கள் அந்த அலைச்சல் இல்லாமல் போய் வாருங்கள்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். பூநாரைக்கு ஒரு பருவம், வெளிமானுக்கு ஒரு பருவம், உப்பளத்துக்கு ஒரு பருவம். மாதம் தவறினால் பறவைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெடித்துக் காய்ந்த சேற்றைத்தான் பார்ப்பீர்கள்.

1. நிலத்தின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி நீண்டு வரும் சோழமண்டலக் கடற்கரை கோடியக்கரையில் திடீரென்று மேற்கே மடங்குகிறது. அந்த மடிப்புக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. கிழக்குக் கரை மணலும் அலையுமாக இருக்கும். தெற்குக் கரையில் கடல் ஆழமில்லாமல், சேறும் சகதியுமாக வெகுதூரம் போகும். ஒரே ஊரில் இரண்டு விதமான கடலைப் பார்க்கலாம் என்பதே இங்கே வருவதற்குப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

முனையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் பக்கம்வரை பெரிய சதுப்பு நிலம் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில் உப்பளங்கள். மேற்குக் கோடியில், காவிரியின் கிளையாறுகள் கடலைச் சேரும் இடத்தில், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அதை ஒட்டிய காயலும் இருக்கின்றன. உள்ளூரில் அந்தக் காயலை 'லகூன்' என்றே சொல்கிறார்கள். பாமணியாறு, கோரையாறு போன்றவை அங்கேதான் வந்து கலக்கின்றன.

கோடியக்கரைக் காடு மலைக்காடு மாதிரி உயர்ந்து அடர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது மணல் மேட்டில் வளர்ந்த உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, முள்ளோடு இருக்கும். பாலை மரம்தான் பிரதானம். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப்போட்டது. காட்டிலும் ஊரிலும் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. பழைய படங்களில் இருக்கும் அடர்த்தியை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

2. பார்க்க வேண்டியதைத் தீர்மானித்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படி சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் எளிது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர்வரை, பெய்கிறது. அந்த மழைதான் சதுப்பை நிரப்புகிறது. தண்ணீர் வந்ததும் பறவைகள் வருகின்றன. பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா, விதவிதமான உள்ளான்கள், உப்புக்கொத்திகள் என்று நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை சதுப்பு நிறைந்திருக்கும். ஆனால் 'மழை பெய்தால் பறவை' என்று மேலோட்டமாக எடுத்துக்கொண்டு நவம்பர் நடுவில் கிளம்பிவிடாதீர்கள். பூநாரையும் உள்ளானும் ஆழமற்ற தண்ணீரில் நின்று இரை தேடுபவை. பெருமழை பெய்து ஏரி மாதிரி தண்ணீர் நின்றால் அவை ஆழம் குறைந்த இடம் தேடி விலகிவிடும். மழை ஓய்ந்து தண்ணீர் வடிய ஆரம்பிக்கும் நேரமே நல்ல நேரம். என்னைக் கேட்டால், முதல்முறை வருகிறவர்கள் பொங்கல் கழிந்த இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வாருங்கள். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, பறவைகளும் கிளம்பியிருக்காது.

காட்டுக்குள் பறவை பார்க்கிறவர்களுக்கு அக்டோபர் வேறு விதத்தில் முக்கியம். வலசை வரும் சிறு பறவைகள் வந்து இறங்கும் மாதம் அது. தோட்டக்கள்ளன் என்கிற ஆறுமணிக் குருவியைப் புதரடியில் பார்க்க வாய்ப்புண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் இட்டு ஆய்வு செய்யும் இடம் இது. ஆனால் அக்டோபரில் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. நாள் ஒதுக்கி வருகிறவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

வெளிமான் ஆண்டு முழுவதும் இருக்கும். சரணாலயமே 1967இல் அதற்காகத்தான் அமைக்கப்பட்டது. ஆனாலும் மழைக்குப் பிந்திய, புல்வெளி ஈரம் காய்ந்த மாதங்களில் அவற்றைத் திறந்த வெளியில் பார்ப்பது எளிது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட்வரை மான் பார்க்க நல்ல காலம். வெயில்தான் சோதிக்கும். காலை எட்டரைக்கு மேல் மான்களும் நிழலுக்குப் போய்விடும், நீங்களும் போய்விடுவீர்கள்.

பங்குனி ஆமை முட்டையிட வருவது ஜனவரி முதல் மார்ச்வரை. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். முட்டை பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் குஞ்சு விடுவதைப் பார்க்க விரும்பினால் மார்ச், ஏப்ரலில் வாருங்கள். எந்த நாள் விடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வனச்சரக அலுவலகத்தில் முதல் நாள் மாலை கேட்டுக்கொள்வதுதான் வழி.

உப்பளம் பார்க்க வேண்டுமானால் மழைக்காலத்தை அடியோடு தவிர்த்துவிடுங்கள். பாத்தியில் தண்ணீர் நின்றால் உப்பேது? கோடையில் வாருங்கள். அகஸ்தியம்பள்ளியிலும் கோடியக்காட்டிலும் சாலையோரத்திலேயே வெள்ளை மேடுகள் தெரியும். வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும், ஆகவே ஏழு மணிக்குள் போனால்தான் வாருவதைப் பார்க்க முடியும். பாத்திகள் குத்தகை நிலம். இறங்கும் முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வரப்பில் செருப்போடு நடக்கலாம், பாத்திக்குள் கால் வைக்காதீர்கள். அது அவர்கள் நாட்கணக்காகக் காயவைத்த உழைப்பு.

மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் சின்னப் பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்து வராதீர்கள். கடல் காற்று வீசும் என்றாலும் புழுக்கம் தாங்காது.

3. தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்

இது பலருக்குத் தோன்றாத விஷயம். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் வேதாரண்யம் சன்னதிக் கடலிலும் கோடியக்கரையிலும் நீராடப் பெருங்கூட்டம் வரும். முந்தின இரவிலிருந்தே சாலை நிறைந்துவிடும். விடுதியில் அறை கிடைக்காது, காட்டின் அமைதியும் இருக்காது. தீர்த்தமாட வருகிறவர்களுக்கு அது உகந்த நாள். பறவை பார்க்க வருகிறவர்கள் அதற்கு முன்பின் ஒரு நாள் தள்ளி வாருங்கள். மாசி மகத்தை ஒட்டி வேதாரண்யேஸ்வரர் கோயில் திருவிழா. அப்போதும் ஊரில் நெரிசல்தான்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. வேளாங்கண்ணியில் தங்கி இங்கே வந்து போகத் திட்டமிட்டிருந்தால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

மீன் சாப்பிடவே வருகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சிறு படகுகள் கொண்டுவரும் மீன் கிடைக்கும், ஆனால் விலை கூடியிருக்கும். மாறாக அக்டோபர் முதல் மார்ச்வரை வெளியூர் மீனவர்களும் கோடியக்கரையில் வந்து குடில் போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அப்போது காலா, வாவல், நண்டு எல்லாம் கரையிலேயே பார்க்கலாம்.

4. ஆவணங்கள்

குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வேண்டும். ஆதார் போதும். மூலத்தோடு இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும் கடை வேதாரண்யத்தில் இருக்கிறது, கோடியக்கரையில் தேடி அலைய வேண்டியிருக்கும். கைபேசியில் வைத்திருக்கும் படத்தை எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று நம்ப வேண்டாம். இது இலங்கையை நோக்கிய கடற்கரை. கடலோரக் காவல் குழுமத்தினர் நிறுத்திக் கேட்பது இயல்பு. அமைதியாகக் காட்டிவிட்டுப் போகலாம்.

சரணாலயத்தில் சாதாரணமாகச் சுற்றிப் பார்ப்பதற்கு நுழைவாயிலிலேயே சீட்டுத் தருவார்கள். முன் அனுமதி வேண்டியவை இவை: வனத்துறை விடுதியில் தங்குவது, ஆய்வு செய்வது, படப்பிடிப்பு நடத்துவது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வுக்கும் படப்பிடிப்புக்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. அது சென்னையில் நடக்கும் காரியம், வாரக்கணக்கில் ஆகும். கல்லூரி மாணவர்கள் "அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்" என்று வந்து திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். துறைத்தலைவரின் கடிதம், மாணவர் பட்டியல், எந்த நாள் எந்த இடம் என்ற விவரம் மூன்றையும் இணைத்து முன்னதாகவே விண்ணப்பியுங்கள். ஆங்கிலப் படிவங்களிலும் வரைபடங்களிலும் இந்த இடம் 'பாயின்ட் கலிமர்' என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.

ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சரணாலயம், கடலோரப் பாதுகாப்பு என்று இரண்டு காரணங்களால் அது வம்பில்தான் முடியும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்கள் உடன் வந்தால் இதைக் கவனியுங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதிகள் அவர்கள் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 'சி' படிவம் என்று சொல்லிப் பழகியது இதைத்தான். சிறிய விடுதிகளில் பல அந்தத் தொல்லைக்குப் பயந்து அறை இல்லை என்று சொல்லிவிடும். முன்பதிவின்போதே "வெளிநாட்டுப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு நின்று கேட்க வேண்டிய கேள்வி அல்ல அது.

5. தங்குமிடம்

மூன்று வழிகள் உண்டு.

கோடியக்கரையிலேயே வனத்துறையின் விடுதி இருக்கிறது, பூநாரை இல்லம் என்று பெயர். விடியற்காலையில் காட்டு வாசலில் இருக்கலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி. அறைக்கு நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். சனி, ஞாயிறு அலுவலகம் இயங்காது என்பதால் வெள்ளி மாலைக்குள் உறுதிசெய்துவிடுங்கள். வாய்வார்த்தையாக "வாங்க, பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அதை முன்பதிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் உறுதி வாங்குங்கள். அரசு அலுவலாக அதிகாரிகள் வந்தால் முன்னுரிமை அவர்களுக்குத்தான். ஆகவே வேதாரண்யத்தில் ஒரு மாற்று விடுதியின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். உணவு ஏற்பாடு உண்டா என்று முன்னதாகக் கேளுங்கள். கோடியக்கரையில் இருப்பவை பெரும்பாலும் சிறு கடைகள்தான், இரவில் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

இரண்டாவது வேதாரண்யம். முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சாதாரண விடுதிகள், உணவகம், மருந்துக்கடை, அரசு மருத்துவமனை, ஏடிஎம், பெட்ரோல் நிலையம் எல்லாம் இங்கே இருக்கின்றன. கோடியக்கரை இங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். அறையை ஒப்புக்கொள்ளும் முன் குழாயைத் திறந்து பாருங்கள். இந்தக் கரையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். குளிக்கச் சமாளிக்கலாம், குடிக்க முடியாது.

மூன்றாவது வேளாங்கண்ணி. எல்லா விலைக்கும் அறை கிடைக்கும், வசதியும் கூட. ஆனால் விடிகாலையில் சரணாலயத்தில் இருக்க வேண்டுமானால் நாலரைக்கே கிளம்ப வேண்டும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அது நடக்காத காரியம்.

6. போய்ச் சேரும் வழி

சென்னையிலிருந்து வேதாரண்யத்துக்கு அரசு விரைவுப் பேருந்து உண்டு. கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்பும் என்பதை நினைவில் வையுங்கள், கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். ரயிலில் வந்தால் நாகப்பட்டினம் அல்லது திருவாரூரில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். நாகையிலிருந்து வேதாரண்யத்துக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சிதான் பக்கம், அங்கிருந்து சாலைவழியாக நான்கு மணி நேரத்துக்குக் குறையாது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிவரை 37 கிலோமீட்டர் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வேதாரண்யம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. கட்டணம் குறைவு, வயலும் உப்பளமும் பார்த்துக்கொண்டே வரலாம். ஆனால் சேவைகள் மிகக் குறைவு. நீங்கள் வரும் கிழமையில் வண்டி ஓடுகிறதா என்று ரயில்வே செயலியில் பார்த்துவிட்டே இதை நம்புங்கள், முக்கியமாக வார இறுதியில். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டுக் கோடியக்கரைக்கே ரயில் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். இப்போது பாதை அகஸ்தியம்பள்ளியோடு முடிகிறது.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பேருந்து உண்டு. நகரப் பேருந்தாக இருந்தால் மகளிருக்குக் கட்டணம் இல்லை. அடிக்கடி வராது என்பதுதான் சிரமம். இறங்கும்போதே நடத்துநரிடம் "கடைசி வண்டி எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பறவை பார்த்துவிட்டு இருட்டில் நின்றால் ஆட்டோ கிடைப்பது கடினம்.

விடிகாலைக்கு ஆட்டோதான் சரி. முந்தின மாலையே பேசிவிடுங்கள். 'போக வர' என்று மட்டும் பேசினால் காத்திருப்புக்குத் தனியாகக் கேட்பார்கள், அது நியாயமும்கூட. "அஞ்சரைக்கு எடுக்கணும், பத்து மணிவரை கூட இருக்கணும், முனியப்பன் ஏரி, ராமர் பாதம், கடற்கரை எல்லாம் சேர்த்து" என்று முழுதாகச் சொல்லிப் பேசுங்கள். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் வேதாரண்யத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

7. சரணாலயத்துக்குள்

நேரம் காலை ஆறு முதல் மாலை ஆறு. இரண்டு நல்ல நேரங்கள் உண்டு: திறந்ததிலிருந்து ஒன்பது மணிவரை, மாலை நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் போய்விட்டு "ஒன்றுமே இல்லை" என்று சொல்லித் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

நுழைவாயிலில் ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்கு என்று தனித்தனியாகச் சீட்டு. பெரிய லென்ஸ் என்றால் தனிக் கட்டணம் கேட்கலாம். பலகையில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்துக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே கேட்பார்கள். உள்ளூர் வழிகாட்டியைக் கட்டாயம் அழைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அன்றைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறது, பூநாரை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்பது வரைபடத்தில் இருக்காது, அவருக்குத்தான் தெரியும்.

புல்வெளியில் வெளிமானைத் தேடுங்கள். கறுப்பும் வெள்ளையுமாக, முறுக்கிய கொம்போடு இருப்பது கிடா. பெட்டை பழுப்பு நிறம், கொம்பு இராது. வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி, கதவைச் சாத்தாமல், பேசாமல் இருந்தால் அவை பாட்டுக்கு மேயும். இறங்கி நடந்தால் ஓடிவிடும். புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் எல்லாம் உண்டு. குரங்குகள் பையைப் பறிக்கும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், அவற்றுக்குக் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

முனியப்பன் ஏரியில் நீர்ப்பறவை பார்க்கலாம். பெருங்கூட்டமாகப் பூநாரை பார்க்கச் சதுப்புப் பக்கம்தான் போக வேண்டும். அங்கே பம்ப் ஹவுஸ், சிறுதலைக்காடு போன்ற இடங்களை வழிகாட்டிகள் சொல்வார்கள். உப்பள நிலம் வழியாகப் போக வேண்டியிருந்தால் உரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பறவைகள் வெகுதொலைவில் நிற்கும், இருநோக்கி இல்லாமல் போனால் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். வீட்டுக்கு ஒன்றாவது வாங்கியோ இரவல் பெற்றோ எடுத்துவாருங்கள்.

இங்கே ஒரு பெரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். சதுப்பின் ஓரம் மேலே காய்ந்து வெடித்து, நடக்கலாம் போலத் தெரியும். அடியில் உளைச்சேறு. ஓரிரு அடி வைத்ததும் முழங்கால்வரை இழுத்துவிடும். பறவையைக் கிட்டத்தில் படமெடுக்க வேண்டும் என்று யாரும் இறங்காதீர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ராமர் பாதம் என்பது மணல்மேட்டின் மேல் உள்ள சிறு கோயில். மேடு என்றால் சில மீட்டர் உயரம்தான். ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் அதுவே உச்சி, சுற்றிலும் காடு பரந்து கிடப்பது தெரியும். கலங்கரை விளக்கத்தில் ஏற அனுமதிக்கும் நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேதாரண்யேஸ்வரர் கோயிலுக்கும் கோடிக்குழகர் கோயிலுக்கும் போக விரும்பினால் காலை காட்டை முடித்துக்கொண்டு நேராகப் போய்விடுங்கள். மதியம் நடை சாத்திவிட்டால் மாலை நாலு மணிவரை காத்திருக்க வேண்டும்.

முழுக்கால்சட்டை, மூடிய காலணி, மங்கலான நிறத்தில் உடை, தொப்பி, கொசு விரட்டும் களிம்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தண்ணீரை நிரப்பிக்கொள்ளும் பாட்டிலில் கொண்டுவாருங்கள். நெகிழிப் பையும் குவளையும் வேண்டாம். நெருப்பு மூட்டுவதும் மது அருந்துவதும் குற்றம்.

8. முத்துப்பேட்டைக்குத் தனியாக ஒரு நாள்

கோடியக்கரையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் முத்துப்பேட்டை போய்விடலாம் என்று பலரும் திட்டம் போடுகிறார்கள். அது ஒத்துவராது. வேதாரண்யத்திலிருந்து சாலை வழியே ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே படகில் ஆற்றுவழியே போய்த்தான் காயலை அடைய வேண்டும். போக வர அரை நாள். பிற்பகலில் காற்று எழுந்தால் காயலில் அலை கூடிவிடும். காலையிலேயே படகு ஏறுவதுதான் முறை.

படகு ஜாம்புவானோடையிலிருந்து புறப்படும். அதற்கு முன் முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். எல்லோருடைய அடையாள அட்டை நகலும் அங்கே கேட்பார்கள். முதல் நாளே தொலைபேசியில் பேசி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வந்தால் காலையில் நேரம் வீணாகாது. விடுமுறை நாட்களில் படகுக்குக் கிராக்கி.

அனுமதி இல்லாமல் "நான் கூட்டிப் போறேன்" என்று மீன்பிடிப் படகுக்காரர் அழைத்தால் ஏறாதீர்கள். மீன்பிடிப் படகில் பயணி ஏற்றுவது விதிக்குப் புறம்பு. ஏதாவது ஆனால் பாதிக்கப்படுவது அவர் பிழைப்பும்தான். உயிர்காப்பு மேலங்கி எத்தனை இருக்கிறதோ அத்தனை பேர் மட்டும் ஏறுங்கள். கடல் வற்றிய நேரத்தில் படகு தரைதட்டும், படகோட்டி காத்திருக்கச் சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள்.

காட்டில் பெரும்பாலும் வெண்கண்டல். சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை அதன் சுவாச வேர்கள். மிதித்தால் மரத்துக்கும் கேடு, உங்கள் காலுக்கும் கேடு. உள்ளே கழிப்பறை, குடிநீர், கடை எதையும் எதிர்பார்க்க முடியாது என்று நினைத்தே கிளம்புங்கள். பெண்களும் முதியவர்களும் இருந்தால் இதை முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

9. செலவை எப்படித் திட்டமிடுவது

இந்தப் பயணத்தில் நுழைவுச்சீட்டு பெரிய செலவே அல்ல. பணம் போவது மூன்று இடத்தில்: வாடகை வண்டி, அறை, முத்துப்பேட்டைப் படகு. படகுக்கு ஆள் கணக்கில்லாமல் மொத்தமாகக் கட்டணம் என்பதால் இருவர் போனாலும் அறுவர் போனாலும் ஏறக்குறைய அதே தொகைதான். நாலைந்து பேராகச் சேர்ந்து வந்தால் தலைக்கு வரும் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். வண்டிக்கும் அப்படியே. தனியாக வருகிறவர்கள் கோடியக்கரையைப் பேருந்திலேயே பார்த்துவிட்டு, முத்துப்பேட்டைக்கு மட்டும் கூட்டுச் சேருங்கள்.

குறைந்தது மூவாயிரம் ரூபாய் ரொக்கமாக, அதிலும் நூறும் ஐம்பதுமாக, கையில் இருக்கட்டும். கைபேசிக் கட்டணம் வேதாரண்யத்தில் சிக்கலில்லை. காட்டு வாசலிலும் கரையிலும் அலைவரிசை போய்வரும். வழிகாட்டியிடம் தொகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேசியது போக நல்லபடியாகக் காட்டினார் என்றால் கூடக் கொடுங்கள், பருவம் முடிந்தால் அவருக்கு அந்த வருமானம் இல்லை.

கருவாடு வாங்குகிறவர்கள் கரையில் நேரடியாக வாங்கலாம். நன்றாகக் காய்ந்ததா என்று வளைத்துப் பார்த்து, இரண்டு சுற்றுத் தாளில் கட்டச் சொல்லுங்கள். விரைவுப் பேருந்தில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் வாசம் எல்லோரையும் எட்டும்.

10. மழை, புயல் வந்தால்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை கிளம்புவதற்கு முதல் நாளும், கிளம்பும் நாளும் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். நாகை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். சரணாலயத்தை மூடிவிடுவார்கள், படகு ஓடாது, சாலையில் மரம் விழும். ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் கோடியக்கரையில் தங்காமல் அன்றைக்கே வேதாரண்யம் தாண்டித் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்விடுங்கள். மழைக்காலத்தில் அறைக்கு முன்பணம் கட்டும்போது, புயலால் ரத்தானால் திருப்பித் தருவார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பேருந்து, ரயில் சீட்டுகளுக்கு விதி தெளிவாக இருக்கிறது, தனியார் விடுதிகளில்தான் பிணக்கு வருகிறது.

மூன்று எண்களைக் கைபேசியில் சேமித்து, ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்: மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரக் காவல் குழுமம் 1093, ஆம்புலன்ஸ் 108. விடுதிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் காலையில் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.